வெளியே நடுக்கம், ஹாலில் குளம்: பயந்த நாயை வெளியில் போகப் பழக்குவது, அறிகுறி பார்த்து

வெளியே கூட்டிப்போனால் அரை மணி நேரம் சிலை மாதிரி நிற்கும். வீட்டுக்குள் கால் வைத்த மறு நிமிடம் ஹால் நடுவில் ஒரு குளம். பார்க்கிற யாருக்கும் 'வேண்டுமென்றே செய்கிறது' என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. ஓடவோ சண்டை போடவோ தயாராக நிற்கிற உடம்பு சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கி வைத்திருக்கும். வீட்டுக்குள் வந்ததும் அந்த இறுக்கம் தளரும், கூடவே பையும் திறந்துகொள்ளும். எந்த இடம் பத்திரமாகத் தோன்றுகிறதோ அங்கே நாய் போகிறது. இப்போதைக்கு அந்த இடம் உங்கள் ஹால். ஆகவே இங்கே சரிசெய்ய வேண்டியது வெளியிடத்தின் பயத்தை. கழிக்கும் பழக்கம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது நம் நகரங்களில் அதிகம் பார்க்கிற நிலைமை: காப்பகத்திலிருந்தோ தெருவிலிருந்தோ தத்தெடுத்த நாட்டு நாய், வளர்ந்தது, அடுக்குமாடி வீடு. 'தெருவில் பிறந்ததற்குத் தெருவில் என்ன பயம்?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கட்டாயம் கேட்பார். தெருவில் இருந்தபோது அதற்கென்று ஓர் எல்லை இருந்தது, கூட்டாளிகள் இருந்தார்கள், ஆபத்து வந்தால் நுழைந்துகொள்ள ஒரு காரின் அடிப்பாகம் இருந்தது. இப்போது வேறு நாய்களின் எல்லையில், ஓட முடியாதபடி கட்டோடு நிற்கிறது. காப்பகத்தில் வளர்ந்ததாக இருந்தால் இன்னொன்றும் சேரும்: அது பழகியது சிமெண்ட் தரையில். மண்ணும் புல்லும் அதற்குக் கழிப்பிடமாகவே தெரியாது. உங்கள் டைல்ஸ் தரைதான் பழைய கூண்டுக்கு நெருக்கமானது.

முதலில் டாக்டரிடம் போக வேண்டியவை

கீழே உள்ள எதுவும் பழக்கக் கோளாறு இல்லை. இவை இருக்கும்போது பயிற்சி தொடங்கினால் நாயும் படும், நீங்களும் படுவீர்கள்.

- காலைத் தூக்கி முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. ஆண் நாயில் கல் அடைத்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.
- 24 மணி நேரமாக ஒரு சொட்டும் போகவில்லை. பயந்த நாய் வெகுநேரம் அடக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு மேல் காத்திருக்காதீர்கள்.
- அடிக்கடி, சொட்டுச் சொட்டாக, அல்லது ரத்தம் கலந்து. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.
- காபி டிகாஷன் நிறம். உண்ணிக் காய்ச்சலில் சிவப்பணுக்கள் உடைந்தால் இப்படி வரும். சோர்வும் காய்ச்சலும் சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது.
- தூங்கி எழுந்த இடம் மட்டும் ஈரம். கருத்தடை செய்த பெண் நாய்களில் தசை தளர்ந்து கசிவது உண்டு. மருந்தில் கட்டுப்படும்.
- ஒரு நாளில் எடைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடிக்கிறது. 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாமான்கள்

இரும்புச் செயினைக் கழற்றி வையுங்கள். கனம், சலங்கைச் சத்தம், கழுத்தில் இழுப்பு என்று பயந்த நாய்க்கு வேண்டாத எல்லாம் அதில் இருக்கிறது. ஓர் அங்குல அகலமுள்ள நைலான் அல்லது பருத்தி வார், 6 அடி நீளத்தில் ஒன்று, 15 அடியில் இன்னொன்று போதும்.

கழுத்து பெல்ட்டை மட்டும் நம்பி வெளியே போகாதீர்கள். நாட்டு நாயின் தலை கழுத்தைவிடப் பெரிதாக இருக்காது. ஒரு புல்லட் வண்டி கிளம்பினால் பின்வாங்கும், காதை மடக்கும், தலை வெளியே வந்துவிடும். பிறகு அது எந்தத் தெருவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மார்புக்கு ஒரு பட்டை, அதற்குப் பின்னால் விலா எலும்பு முடிகிற இடத்தில் இன்னொரு பட்டை என்று இரண்டு இடத்தில் வயிற்றைச் சுற்றும் ஹார்னஸ் வாங்குங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. ஒரு வாரை ஹார்னஸிலும் இன்னொன்றை பெல்ட்டிலும் மாட்டுவது இன்னும் பத்திரம். வெளியே போகும் முன் வீட்டுக்குள்ளேயே முன்பக்கமிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கழன்றால் அங்கேயே தெரிந்துவிடும். பெல்ட்டில் போன் நம்பர் பொறித்த வில்லை ஒன்று தொங்கட்டும்.

தீனிக்கு வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, பட்டாணி அளவில். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் கூடாது. 50 கிராமில் ஒரு நாளைக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஈரல் இன்னும் ஆசையாகத் தின்னும், ஆனால் அதிகமானால் வயிறு இளகும். வெளியே அவசரமாக ஓட வேண்டிய நாய்க்கு நாமே அதைச் செய்துவிடக் கூடாது.

துடைப்பதற்குப் பினாயில் வேண்டாம். நம் மூக்குக்குச் சிறுநீர் வாடையை மறைக்கும், நாயின் மூக்குக்கு மறைக்காது. தரையில் ஒட்டியதை நாய் பாதத்திலிருந்து நக்கினால் கெடுதலும்கூட. பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்தால் கண்ணை எரிக்கும் வாயு வரும். நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் முழுக்க ஊற விடுங்கள். உடனே துடைத்தால் நொதி வேலை செய்ய நேரமே இருக்காது. அது கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. ஆனால் மார்பிள், மொசைக், கடப்பாக் கல்லில் வினிகரைத் தொடாதீர்கள், அமிலம் கல்லை அரித்து மங்கல் திட்டு விழும்.

வாரை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது

வாரைப் பார்த்தால் தெருவின் நினைவு வருகிறது. அடியிலிருந்து இழுத்தெடுத்து மாட்டினால் பயம் உங்கள் கைக்கும் தாவிவிடும்.

நான்கு நாள் வெளியே போவதை மறந்துவிட்டு ஹார்னஸைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் போட்டு வையுங்கள். இரண்டாம் நாள் ஹார்னஸின் வளையத்துக்குள் கை நீட்டி ஒரு துண்டு கறி கொடுங்கள், தலை தானாக உள்ளே வரும். மூன்றாம் நாள் மாட்டி, சாப்பாடு வைத்து, சாப்பிட்டு முடித்ததும் கழற்றுங்கள். நான்காம் நாள் வாரையும் மாட்டி வீட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு நடக்கட்டும், நீங்கள் பிடிக்காமல். கொக்கி 'டிக்' என்று மாட்டும் சத்தத்துக்கே மிரளும் நாய்கள் உண்டு. அந்தச் சத்தத்தை மட்டும் தனியாகச் செய்து, ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு துண்டு கொடுத்துப் பழக்குங்கள்.

இந்த நான்கு நாளும் எங்கே போகும்? பால்கனித் தட்டில். அதைப் பற்றிக் கீழே.

வாசலைத் தாண்டாது, லிஃப்டில் ஏறாது

லிஃப்ட் என்பது தரை அசையும், கதவு தானாக மூடும், திறந்தால் முகத்துக்கு நேரே ஆள் நிற்கும் ஒரு பெட்டி. நாய்க்கு அது சகிக்க முடியாததாக இருப்பதில் ஆச்சரியமில்லை. மூன்று மாடி வரை என்றால் படிதான் சுலபம். படியும் தெரியாத நாய்க்குக் கடைசி இரண்டு படியிலிருந்து தொடங்குங்கள். தூக்கிக்கொண்டு இறங்கி, கடைசி இரண்டு படியை மட்டும் அது இறங்கட்டும். மறுநாள் நான்கு.

தூக்க முடிகிற எடை என்றால், தூக்குவதை அதுவும் வெறுக்கவில்லை என்றால், வாசலிலிருந்து கழிக்கும் இடம் வரை தூக்கிப்போவதில் எந்தத் தவறும் இல்லை. 'கெட்டுப்போகும்' என்று சொல்வார்கள். கெடாது. படியில் தொடங்கி வாட்ச்மேன், பார்க்கிங் என்று மூன்று பயங்களைத் தாண்டி வருகிற நாய் மண்ணில் கால் வைக்கும்போதே தளர்ந்துபோயிருக்கும். அந்த மூன்றையும் கழித்துவிட்டால் கடைசி ஒன்றுக்கு அதனிடம் தெம்பு மிஞ்சும்.

தடுப்பூசி முடியாத குட்டிகளுக்கும் இதுவே வழி. பார்வோ வைரஸ் தொற்றிவிடும் என்ற பயத்தில் 16 வாரம் வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால், உலகத்தை ஏற்றுக்கொள்ளக் கற்கும் 3 முதல் 14 வாரக் காலம் நாலு சுவருக்குள் கழிந்துவிடும். தரையில் விடாமல் கையில் வைத்தபடி வாசலில் 5 நிமிடம் தெருவைக் காட்டுங்கள்.

வெளியே எவ்வளவு நேரம் நின்றாலும் போகாது, உள்ளே வந்ததும் போகிறது

பெரும்பாலோர் தேடி வருவது இதற்குத்தான், ஆகவே விவரமாக.

சாதாரண நாய்க்குச் சொல்லும் பாடம் 'போகும் வரை வெளியே நில்' என்பது. பயந்த நாய்க்கு அது தலைகீழாக வேலை செய்யும். நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் பயம் ஏறுகிறது, இறுக்கமும் ஏறுகிறது. ஒரு மணி நேர நடையைவிட மூன்று மூன்று நிமிடமாக ஐந்து தடவை போவது மேல்.

இடம். முதலில் நாய் இல்லாமல் நீங்கள் போய் உட்காருங்கள். கேட்டிலிருந்து ஐம்பது அடிக்குள், ஒரு பக்கம் சுவர், கீழே மண். சுவர் பின்பக்கத்தைக் காக்கும். மூலையில் நிறுத்தாதீர்கள், ஓட வழியில்லாத இடமாகத் தெரியும். குப்பைத் தொட்டி, தெரு நாய்களுக்குச் சோறு வைக்கும் இடம், டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சல், தண்ணீர் லாரி நிற்கும் இடம் நான்கையும் தவிருங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து என்னென்ன சத்தம் வருகிறது என்று எண்ணினால், நாம் கவனிக்காமலே பழகிவிட்டது எவ்வளவு என்று தெரியும்.

நேரம். பால் வண்டிக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டிக்கும் முன்னால், விடியற்காலை நாலரையிலிருந்து ஐந்தரை. மார்கழியிலும் ஆடியிலும் கோயில் ஒலிபெருக்கி இந்தக் கணக்கைக் குலைக்கும், அந்த மாதங்களில் உங்கள் தெருவின் நேரத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இரவு பத்தரைக்கு மேல் ஆள் நடமாட்டம் குறையும். ஆனால் தெரு நாய்கள் உரிமை கொண்டாடும் நேரமும் அதுதான், வளாகத்துக்குள் இடம் இருந்தால் மட்டும் அந்த நேரம் சரிவரும். மதியம் தெரு அமைதியாக இருந்தாலும் தார் சாலை கொதிக்கும். புறங்கையை 7 நொடி வைக்க முடியாத தரையில் பாதம் வெந்துவிடும்.

முதல் மூன்று நாள் கழிக்க வைப்பது நோக்கமே இல்லை. போய் நில்லுங்கள், ஒரு துண்டு கறியைத் தரையில் போடுங்கள். உடனே எடுத்துத் தின்றால் அந்த இடம் அதற்குத் தாங்குகிறது. மோந்துவிட்டு விட்டுவிட்டாலோ வாயில் எடுத்துத் துப்பினாலோ தாங்கவில்லை, கேட் பக்கம் பின்வாங்குங்கள். தின்கிற தூரம் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த மூன்று நாளின் வேலை. தின்ன முடியாத இடத்தில் ஒன்றுக்குப் போகவும் முடியாது.

வாடை. வீட்டில் போன சிறுநீரை ஒற்றிய துணியைக் கொண்டுபோய் அந்த மண்ணில் பிழிந்துவிடுங்கள். 'இங்கே நான் ஏற்கனவே போயிருக்கிறேன்' என்று மூக்கு சொல்லும். நாலைந்து நாள் புதுப்பிக்க வேண்டும். சிமெண்ட் தரை பழகிய காப்பக நாய்க்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மண்ணைத் தேடாமல் பார்க்கிங் ஓரத்து ஒதுக்குப்புறத் தளத்தில் தொடங்குங்கள், ஒரு வாளித் தண்ணீரோடு. வெளியே போவது பழகிய பிறகு தளம் மாற்றுவது சுலபம். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பதுதான் கஷ்டம்.

கணக்கு. சிறுநீர் நிறைந்திருக்கும் நேரம் தூங்கி எழுந்த உடனே. மலம், சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள் குடல் அசையும் நேரத்தில். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது. ஹாலில் தினமும் காலை 6.10க்குப் போகிறது என்று நோட்டு சொன்னால், 5.50க்கு நீங்கள் வெளியே இருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். சென்னை வெயிலில் அது ஆபத்து, பலனும் இல்லை.

நிற்கும் விதம். நாய்க்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். போனை எடுத்துப் பார்ப்பதுபோல் இருங்கள், நிஜமாகப் பார்த்தால் கையிலுள்ள வாரை மறந்துவிடுவீர்கள். வார் 'ப' மாதிரி தொய்ந்திருக்க வேண்டும். விறைத்த வார் 'ஏதோ நடக்கப்போகிறது' என்று சொல்லும்.

இனி அந்த நொடி. வால் வயிற்றிலிருந்து ஒரு விரற்கடை கீழே இறங்கும். மூக்கு தரைக்குப் போகும், ஒரே இடத்தை இரண்டு மூன்று தரம் மோக்கும். அரை வட்டம் போடும். பின்னங்கால் லேசாக மடங்கும், காது மட்டும் பின்னால் திரும்பி உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கெடுத்துவிடுகிறார்கள்: 'போ போ, உச்சா போ!' என்று ஆசையாகச் சொல்லிவிடுவார்கள். கால் நிமிர்ந்துவிடும், வால் திரும்ப ஏறிவிடும், அன்றைக்கு முடிந்தது. மூச்சுச் சத்தம்கூட வேண்டாம். அது முடித்து நிமிர்ந்த பிறகு, இரண்டு நொடிக்குள், மூன்று துண்டு கறியை ஒவ்வொன்றாகத் தரையில் போடுங்கள். தலையில் தட்டிக்கொடுக்க வேண்டாம், 'சபாஷ்' என்று கத்த வேண்டாம். 'உச்சா' என்ற சொல்லை ஒரு வாரம் கழித்து, போய்க்கொண்டிருக்கும்போது தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொள்ளலாம்.

உடனே வீட்டுக்குத் திரும்புங்கள். உற்சாகமான நாய் கழித்த உடனே வீட்டுக்குக் கூட்டி வந்தால் 'போனால் நடை முடிந்துவிடும்' என்று கற்றுக்கொண்டு அடக்கும். பயந்த நாய்க்கு வீடுதான் பரிசு. 'போனால் வீடு' என்பது அதற்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்று நான்கு நிமிடத்தில் போகவில்லையா, திட்டாமல் திரும்புங்கள். ஆனால் உள்ளே வந்ததும் அவிழ்த்துவிடாதீர்கள். வார் உங்கள் நாற்காலியில் கட்டியிருக்கட்டும், அல்லது நேரே பால்கனித் தட்டுக்குக் கூட்டிப்போங்கள். இருபது நிமிடம் கழித்து இன்னொரு தடவை வெளியே. ஹாலில் சுதந்திரமாக விடுவது அது கழித்த பிறகுதான். இந்த ஒன்றைத் தவறவிட்டால் மற்றது எல்லாம் சரியாகச் செய்தும் பலன் இருக்காது, ஏனென்றால் ஹாலில் போகும் ஒவ்வொரு தடவையும் பழைய பழக்கம் இன்னொரு சுற்று இறுகுகிறது.

முதல் வெற்றி மூன்றாம் நாளும் வரலாம், மூன்றாம் வாரமும் வரலாம். நாட்களை எண்ணாமல் வாலைப் பாருங்கள். வால் இறங்கும் தூரம் கூடிக்கொண்டே வந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

தொடங்கிவிட்டு, பாதியில் நிறுத்துகிறது

ஒரு ஹாரன், ஒரு கேட் சத்தம், அவ்வளவுதான். மீதி வீட்டுக்கு வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் சில நாய்கள் திரும்பத் தொடங்கும். இல்லையென்றால் வீட்டுக்குள் கட்டி வைத்து 15 நிமிடத்தில் மறுபடி. பாதி போனதற்கும் பரிசு உண்டு, ஆனால் ஒரு துண்டு மட்டும்.

நான் பக்கத்தில் இருந்தால் போகாது, சோபாவுக்குப் பின்னால் போய்ப் போகிறது

யாரோ எப்போதோ திட்டியிருக்கிறார்கள், மூக்கைத் தேய்த்திருக்கிறார்கள், பேப்பரைச் சுருட்டி அடித்திருக்கிறார்கள். நாய் கற்றுக்கொண்டது 'ஹாலில் போகக் கூடாது' என்பதை அல்ல, 'மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது' என்பதை. வெளியே வாரின் மறுமுனையில் மனிதர் நிற்கிறார், பிறகு எப்படிப் போகும்?

15 அடி வார் இதற்குத்தான். முழுக்க விட்டு, ஒரு மரத்தையோ காரையோ நடுவில் வைத்து முதுகைக் காட்டி நில்லுங்கள். சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாலைந்து வெற்றிக்குப் பிறகு வாரத்துக்கு மூன்றடி மூன்றடியாகக் குறையுங்கள். சோபாவின் பின்பக்கத்தை அட்டைப்பெட்டி வைத்து அடைத்துவிடுங்கள். அங்கேயே அதன் சாப்பாட்டுத் தட்டை வைத்தால் இன்னும் நல்லது, தின்கிற இடத்தில் நாய் கழிப்பது அரிது.

ஹாலில் போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால்? ஒன்றும் செய்யாதீர்கள். முடிக்கட்டும், பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டுத் துடையுங்கள். கைதட்டித் திடுக்கிட வைக்கும் பழைய யோசனை தைரியமான குட்டிகளுக்கே சந்தேகத்துக்குரியது, பயந்த நாய்க்கு விஷம்.

குனிந்தாலோ விருந்தாளி வந்தாலோ ஒழுகுகிறது

காது பின்னால், உடம்பு தாழ்ந்து, சில நேரம் மல்லாந்து, கொஞ்சம் சிறுநீர். இது கழிக்கும் பழக்கம் சார்ந்ததே இல்லை. 'என்னை ஒன்றும் செய்யாதே' என்று நாய் சொல்லும் சொல் அது. திட்டினால் இன்னும் உரக்கச் சொல்லும். வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் கண்டுகொள்ளாமல் இருங்கள், மேலிருந்து தலையைத் தொடாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து கீழிருந்து நெஞ்சைத் தடவுங்கள். மாமாவோ சித்தப்பாவோ வந்தால் நாயைப் பார்க்காமல் உள்ளே வரச் சொல்லுங்கள். இதுதான் நடைமுறையில் மிகக் கடினமான படி, யாரும் கேட்க மாட்டார்கள்.

பால்கனியில் மட்டும் போகிறது

பால்கனித் தட்டு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பயந்த நாயின் விஷயத்தில் அது ஓர் ஊன்றுகோல், வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தட்டு, மூன்று அங்குல ஆற்று மணல் அல்லது ஒரு புல் பாளம். டைல்ஸ் மேல் நேரடியாகவோ பேப்பர் மேலோ பழக்காதீர்கள். எந்தத் தளத்தை வெளியே தரப்போகிறீர்களோ அதையே தட்டில் கொடுத்தால் மாற்றம் சுலபம்.

தட்டு பழகிய பிறகு அதிலிருந்து ஈர மணலை ஒரு டப்பாவில் எடுத்துப்போய் வெளியே தேர்ந்தெடுத்த இடத்தில் கொட்டுங்கள். தட்டையே தூக்கிப்போய்ப் பார்க்கிங்கில் வைப்பதும் நடக்கும். காலை முதல் சிறுநீர் வெளியே, மற்றவை தட்டில் என்று இரண்டு வாரம். பிறகு காலையும் கடைசி இரவும் வெளியே. தட்டை எடுப்பது, நாலு நாள் தொடர்ந்து நாயே தட்டைத் தேடாமல் இருந்த பிறகு.

ஒன்றுக்குப் போகிறது, இரண்டுக்கு மட்டும் வீட்டில்

மலம் கழிக்கக் குந்தி இருக்கும் நேரம் நீளம், ஓட முடியாத நேரமும் அதுதான். அதற்கு வேண்டிய தைரியம் அதிகம். சாப்பாட்டை ஒரே நேரத்துக்குக் கட்டுங்கள், நாள் முழுக்கத் தட்டு நிறைந்திருந்தால் நேரமும் கணிக்க முடியாது. சாப்பிட்ட இருபதாவது நிமிடம், அதே இடத்தில் மெல்ல முன்னும் பின்னும் நடக்க விடுங்கள். நடை குடலை அசைக்கும். ஒரு தடவை வீட்டில் போனதை அள்ளிக் கொண்டுபோய் அந்த இடத்தில் போட்டு வைப்பதும் உதவும், அடுத்த தடவை எடுத்துவிடலாம்.

நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று நின்றுவிட்டது

நோய் இல்லை என்று உறுதியான பிறகு, முந்தைய மூன்று நாளைப் புரட்டிப் பாருங்கள். பட்டாசு, இடி, தெரு நாய் பாய்ந்தது, வளாகத்தில் துளையிடும் வேலை. பயம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும், பெரிய அதிர்ச்சிக்குப் பின் உடம்பு தணிய ஓரிரு நாள் ஆகும். திங்கள் பட்டாசு, செவ்வாய் இடி என்றால் புதனன்று ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே போதும்.

தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் அரசு அறிவிக்கும் நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. தெருக்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை, தெரிந்ததுதான். அந்த வாரம் காலைச் சுற்றை நான்கு மணிக்கும் மாலைச் சுற்றை ஐந்துக்கும் நகர்த்திவிடுங்கள். கடைசிச் சுற்று பால்கனித் தட்டில், கதவை மூடி, மின்விசிறியும் டிவியும் ஓட. இரண்டு வார்களும் கட்டாயம், தொலைந்துபோகும் நாய்கள் அதிகம் தொலைவது அந்த நாட்களில்தான். முடிந்ததும் பழைய இடத்திற்குக் கூட்டிப்போய் 'மறந்துவிட்டதா?' என்று சோதிக்காதீர்கள். மூன்று நாள் தீனிக் கட்டத்துக்குத் திரும்பி மறுபடி ஏறுங்கள், இந்த முறை சீக்கிரம் ஏறும்.

தெரு நாய் பாய்ந்ததுதான் காரணம் என்றால் இடத்தை மாற்றிவிடுங்கள். அதே இடத்தை 'ஜெயிக்க' வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. கடிபட்டிருந்தால், சிராய்ப்பாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி ஏற்கனவே போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும்.

மழையில் வெளியே வராது

ஐப்பசி, கார்த்திகையில் எல்லா வீட்டிலும் இதே கதை. போர்ட்டிகோ, ஷெட், பார்க்கிங் என்று கூரையுள்ள ஓரிடத்தை வெயில் காலத்திலேயே இரண்டாவது இடமாகப் பழக்கி வைப்பது ஒன்றே வழி. குடைக்கு பயப்படும் நாய்கள் பல, வீட்டுக்குள் விரித்து வைத்துப் பக்கத்தில் கறி போட்டுப் பழக்குங்கள். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலிச் சிறுநீர் கலந்து எலிக் காய்ச்சல் வரும். அதற்கும் தடுப்பூசி இருக்கிறது.

ஆறு வாரம் ஆகியும் அசைவில்லை

நோட்டோடு டாக்டரிடம் போங்கள். வெளியே கறியை ஒரு தடவைகூடத் தின்னவில்லை, வீட்டுக்குள்ளும் நாள் முழுக்க ஒளிந்தே இருக்கிறது என்றால் பயிற்சி நுழையக்கூட இடமில்லாத அளவு பயம். இதற்கு டிராசோடோன், கபாபென்டின், ஃப்ளூவோக்செடின் போன்ற மருந்துகளை டாக்டர்கள் தருவதுண்டு. கடைசியாகச் சொன்னது முழுப்பலன் தர நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும், இரண்டாம் வாரத்தில் 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுவார்கள். அசெப்ரோமசின் மட்டும் தந்தால் உடம்பு மயங்கும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். அதைத் தனியாக எழுதினால் ஏன் என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

மருந்து தொடங்கியதும் பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஒரு நாள் காலை அது வெளியே கறியை எடுத்துத் தின்னும். அன்றிலிருந்து முதல் நாள் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.